உடலின் வெப்பத்தை ஆளும் தூதுவர்கள்



குழந்தைகள் வார்டில் இரவு நேரம் சுற்றி வரும்போது ஒரு தாய் என்னை நிறுத்தினார். ஆறு வயது மகன் மூன்று போர்வைகளுக்குள் சுருண்டு கிடந்தான். "ஐயா, தொட்டுப் பாருங்க, உடம்பு நெருப்பாக் கொதிக்குது. ஆனா குளிருது, குளிருதுன்னு நடுங்குறான். சூடா இருக்கிற பிள்ளைக்கு எப்படிங்க ஐயா குளிரும்?" என்று கேட்டார்.

நான் மருத்துவன் அல்ல, இறையியல் படித்தவன். தேறுதல் சொல்லத் தெரியும். அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. "டாக்டரம்மா வருவாங்க, பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. மருத்துவர்களிடம் கேட்டும், அவர்கள் தந்த நூல்களைப் படித்தும் நான் அறிந்துகொண்டதை இந்தப் பாடத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அந்தத் தாயின் கேள்விக்கு விடை தேடி நாம் பூனைகளும் முயல்களும் இருந்த ஆய்வகங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த விடைக்காகக் கொடுக்கப்பட்ட விலையையும் மறைக்காமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. உடல் காக்கும் அளவு

மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் நம் உடலின் உட்புற வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸிலேயே நிற்கிறது. முயலுக்கும் செம்மறியாட்டுக்கும் அது 39 டிகிரியை ஒட்டியது. பூனைக்கு 38க்கும் 39க்கும் இடைப்பட்டது. ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஓர் அளவு உண்டு; அந்த அளவை உடல் விழிப்போடு காத்துக்கொள்கிறது.

காக்கும் வழிகள் இரண்டே. ஒன்று, வெப்பத்தை உண்டாக்குவது. மற்றொன்று, வெப்பத்தை வெளியேற்றுவது. குளிரும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்குகின்றன. புழுங்கும்போது அந்தக் குழாய்கள் விரிகின்றன. மனிதனுக்கு வியர்க்கிறது, நாய்க்கு இளைக்கிறது. முயல் தன் நீண்ட காதுகள் வழியாக வெப்பத்தை விடுகிறது. எலி தன் வால் வழியாக வெப்பத்தை விடுகிறது, உமிழ்நீரை மயிரில் பூசிக்கொண்டும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. எலி, சுண்டெலி, மனிதக் கைக்குழந்தை ஆகிய மூன்றுக்கும் பழுப்புக் கொழுப்பு என்ற ஒரு திசு உண்டு. நடுங்காமலே வெப்பம் உண்டாக்கும் அடுப்பு அது. பிறந்த குழந்தையால் பெரியவர்களைப் போல நடுங்க முடியாது. ஆகவே இந்த அடுப்பு அதற்கு மிகவும் தேவை.

இத்தனையையும் ஒரே நோக்கத்தோடு இயக்குவது எது? கையும் காலும் தோலும் தசையும் யாருடைய சொல்லுக்குக் கீழ்ப்படிகின்றன?

2. இடத்தைக் கண்டவர்கள்

ஆளுகிறவர் மூளையில் இருக்கிறார் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிய வந்தது. 1885இல் ஜெர்மனியில் ஆரோன்சான், சாக்ஸ் என்ற இருவர் முயலின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஊசியால் குத்தியபோது, கிருமி எதுவும் இல்லாமலே அதற்குக் காய்ச்சல் வந்தது. 1912இல் ஹென்றி பார்பர் என்பவர் முயலின் மூளைக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்து, அதில் வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் மாற்றி மாற்றி ஓடவிட்டார். மூளையின் அடிப்பகுதி சூடானபோது முயலின் உடல் குளிர்ந்தது. அது குளிர்ந்தபோது முயல் நடுங்கியது, உடல் சூடேறியது. அதாவது, அந்தச் சிறு இடம் தன்னைத் தொடும் இரத்தத்தின் வெப்பத்தை உணர்ந்து, முழு உடலுக்கும் எதிர்க் கட்டளை அனுப்புகிறது. 1938இல் மகூன், ரான்சன் முதலியோர் மயக்கம் கொடுக்கப்பட்ட பூனைகளில் ஹைப்போதலாமஸின் முன்பகுதியை மட்டும் சூடாக்கினார்கள். அவை இளைத்தன, அவற்றின் பாதங்கள் வியர்த்தன.

ஹைப்போதலாமஸ் என்பது மூளையின் அடியில் உள்ள மிகச் சிறிய பகுதி. மனிதனில் அது நாலைந்து கிராம் எடைதான். பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றோடு உடல் வெப்பத்தையும் அது கவனிக்கிறது. இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த இடத்திலுள்ள நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று எந்த மொழியில் பேசிக்கொள்கின்றன என்பது தெரியவில்லை.

3. நாடு கடந்த ஒருவர்

அந்த மொழி இரசாயன மொழி. ஒரு நரம்புச் செல்லின் நுனியிலிருந்து ஒரு சிறு துளி இரசாயனம் வெளிப்பட்டு, அடுத்த செல்லின் ஏற்பியைத் தொட்டுச் செய்தியைச் சேர்க்கிறது. இதை நிலைநாட்டியதற்காக ஹென்றி டேலும் ஓட்டோ லோவியும் 1936இல் நோபல் பரிசு பெற்றார்கள். லண்டனில் டேலின் ஆய்வகத்தில் அந்தக் காலத்தில் உழைத்தவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க். 1900இல் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக 1933இல் பெர்லின் ஆய்வகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். இங்கிலாந்துக்கு அவர் கொண்டுவந்த செல்வம் ஓர் அட்டையின் தசைதான் என்று சொல்லலாம். அசெட்டைல்கோலின் என்ற தூதுவர் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அட்டைத் தசை சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். அந்த முறையை அவர் நன்கு கற்றிருந்தார்.

ஆண்டுகள் சென்றன. ஜெர்மனியை விட்டு வந்த மற்றொருவரான மார்த்தே ஃபோக்ட் அம்மையார், நார்அட்ரினலின் என்ற பொருள் மூளையில் எங்கும் ஒரே அளவாக இல்லை, ஹைப்போதலாமஸில்தான் மிகுதியாக இருக்கிறது என்று 1954இல் காட்டினார். செரட்டோனின் என்ற மற்றொரு பொருளும் அங்கே நிறைந்திருப்பது அதே காலத்தில் தெரிந்தது. ஒரு பொருள் ஓரிடத்தில் இவ்வளவு சேர்த்துவைக்கப்பட்டிருந்தால் அதற்கு அங்கே ஒரு வேலை இருக்க வேண்டுமே! அது என்ன வேலை?

1963இல் லண்டனின் மில் ஹில் பகுதியிலிருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஃபெல்ட்பெர்க்கும் அமெரிக்கரான ராபர்ட் மயர்ஸும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு. பூனைகளுக்கு முன்கூட்டியே அறுவை செய்து, அந்த அறைக்குள் செல்லும் ஒரு சிறு குழாயைப் பொருத்தினார்கள். பூனை குணமடைந்து, விழித்திருந்து, வழக்கம்போல் நடமாடும் நிலையில், அந்தக் குழாய் வழியாக இந்தப் பொருள்களைத் துளியளவு செலுத்தி அதன் வெப்பத்தை அளந்தார்கள்.

விளைவு தெளிவாக இருந்தது. செரட்டோனின் செலுத்தியதும் பூனை நடுங்கியது, வெப்பம் ஏறியது. அட்ரினலினோ நார்அட்ரினலினோ செலுத்தியபோது வெப்பம் இறங்கியது. கிருமிப் பொருளால் ஏற்கெனவே காய்ச்சல் கண்ட பூனையில் இன்னும் நன்றாக இறங்கியது. ஆகவே அவர்கள் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார்கள்: இயல்பான உடல் வெப்பம் என்பது ஹைப்போதலாமஸில் வெளிப்படும் இந்தத் தூதுவர்களுக்கிடையே உள்ள ஒரு சமநிலை. ஒன்று ஏற்றுகிறது, மற்றது இறக்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன.

மயர்ஸ் பின்னர் குரங்குகளில் இன்னொரு சோதனை செய்தார். 1968இல் வெளியான அந்த ஆய்வில், குளிரூட்டப்பட்ட ஒரு குரங்கின் ஹைப்போதலாமஸ் வழியாக ஓடிய நீரை எடுத்து, இயல்பாக இருந்த மற்றொரு குரங்கின் அதே இடத்தில் செலுத்தினார். குளிரை அனுபவிக்காத இரண்டாவது குரங்கின் வெப்பம் ஏறியது! முதல் குரங்கின் மூளை எழுதிய கடிதத்தை இரண்டாவது குரங்கின் மூளை படித்துக் கீழ்ப்படிந்தது போல் இருக்கிறது அல்லவா?

4. முயல் சொன்ன மறுப்பு

இத்துடன் பாடம் முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆனால் 1965இல் கூப்பர், கிரான்ஸ்டன், ஹானர் ஆகிய மூவர் இதே பொருள்களை முயல்களுக்குச் செலுத்தினார்கள். முடிவு தலைகீழாக வந்தது. நார்அட்ரினலின் வெப்பத்தை ஏற்றியது, செரட்டோனின் இறக்கியது. அடுத்த ஆண்டு ஜான் பிளை என்பவர் செம்மறியாட்டில் பார்த்தார். அங்கேயும் செரட்டோனின் வெப்பத்தை இறக்கியது. அதோடு ஆடும் முயலும் இருந்த அறை குளிராக இருந்ததா வெப்பமாக இருந்ததா என்பதைப் பொறுத்து நார்அட்ரினலினின் விளைவும் மாறுவதைப் பின்னர் அவரும் அவருடைய தோழர்களும் கண்டார்கள்.

யார் சொன்னது சரி? பூனையைப் பார்த்தவர்களும் பொய் சொல்லவில்லை. முயலைப் பார்த்தவர்களும் பொய் சொல்லவில்லை. நாம் ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். செரட்டோனின் என்பது "சூடு" என்ற செய்தி அல்ல. அது செய்தியைச் சுமந்து செல்லும் தூதுவர் மட்டுமே. தபால்காரர் ஒருவரே, ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையையும் அடுத்த வீட்டுக்குத் துக்கச் செய்தியையும் அவரே கொண்டுபோகிறார். எந்தச் செல், எந்த ஏற்பி, அந்தச் செல் அடுத்து யாருக்குச் சொல்லுகிறது என்பதைப் பொறுத்தே பொருள் அமைகிறது. மூளை அறைக்குள் ஒரு மருந்தை ஊற்றுவது, ஊரிலுள்ள எல்லா வீட்டுக் கதவையும் ஒரே நேரத்தில் தட்டுவதைப் போன்றது. எந்தக் கதவு முதலில் திறக்கிறது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

இந்த முரண்பாட்டை அந்த நாளின் விஞ்ஞானிகள் மூடி மறைக்கவில்லை. இரு தரப்பு முடிவுகளும் அச்சில் வந்தன, எல்லாரும் படித்தார்கள். ஒரு பிராணியில் கண்டதை அப்படியே மற்றொரு பிராணிக்கும், அதிலிருந்து மனிதனுக்கும் கொண்டுபோகக் கூடாது என்பதை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். இந்தப் பாடத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

5. எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு தூதுவர்

1970இல் லண்டனில் மில்டனும் வென்ட்லாண்டும் பூனையின் மூளை அறைக்குள் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேறொரு பொருளைச் செலுத்தினார்கள். மிகக் குறைந்த அளவிலேயே கடுமையான காய்ச்சல் வந்தது. அடுத்த ஆண்டு ஃபெல்ட்பெர்க்கும் சக்சேனாவும் பூனை, முயல், எலி ஆகிய மூன்றிலும் பார்த்தார்கள். மூன்றிலும் காய்ச்சலே வந்தது. செரட்டோனின் விஷயத்தில் ஒத்துப்போகாத பூனையும் முயலும் இதில் ஒரே சாட்சி சொன்னார்கள்!

இன்னொரு குறிப்பும் கிடைத்தது. புரோஸ்டாகிளாண்டினை நேரடியாகச் செலுத்தியதால் வந்த காய்ச்சலைப் பாராசிட்டமாலால் அடக்க முடியவில்லை. நோயினால் வரும் காய்ச்சலை அடக்கும் அதே மருந்து இங்கே ஏன் தோற்றது? 1971இல் ஜான் வேன் விடை தந்தார். ஆஸ்பிரின், உடல் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிப்பதைத் தடுக்கிறது. வந்துவிட்ட தூதுவரை அது நிறுத்துவதில்லை; தூதுவர் புறப்படுமிடத்தையே மூடுகிறது. அடுத்த ஆண்டு அவரும் ஃபிளவரும், பாராசிட்டமால் மூளையில் அந்தத் தயாரிப்பை நன்றாகத் தடுக்கிறது என்று காட்டினார்கள். வேன் 1982இல் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகமெல்லாம் விழுங்கிவந்த ஒரு மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பின்வந்த ஆண்டுகளில் வழி முழுவதும் துலங்கியது. 1998இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், புரோஸ்டாகிளாண்டினின் ஏற்பிகளில் ஈ.பி.-3 என்ற ஒன்று மட்டும் இல்லாத சுண்டெலிகளைப் பரிசோதித்தார்கள். கிருமிப் பொருளைச் செலுத்தியும் அவற்றுக்குக் காய்ச்சல் வரவில்லை. பூட்டு இல்லாத இடத்தில் சாவி பயன்படவில்லை. 2007இல் அந்த ஏற்பி ஹைப்போதலாமஸின் முன்புறமுள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டத்தில் இருப்பதுதான் காய்ச்சலுக்கு இன்றியமையாதது என்று உறுதியாயிற்று.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கிருமி உடலுக்குள் வந்ததும், காவல் செய்யும் வெள்ளணுக்கள் எச்சரிக்கைப் பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரைத் தொட, அந்தச் சுவரின் செல்கள் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கின்றன. அது ஹைப்போதலாமஸின் முன்புற நரம்புகளைத் தொடுகிறது. அந்த நரம்புகளின் அன்றாட வேலை என்ன தெரியுமா? வெப்பம் உண்டாக்கும் கட்டளைகளை அடக்கி வைத்திருப்பது. காபா என்ற தடுக்கும் தூதுவரைக் கொண்டு அவை அதைச் செய்கின்றன. புரோஸ்டாகிளாண்டின் வந்ததும் அந்தக் கடிவாளம் தளர்கிறது. மூளைத் தண்டிலுள்ள நரம்புகள் விடுபட்டு, தண்டுவடம் வழியாகக் கட்டளை அனுப்புகின்றன. தோலின் குழாய்கள் சுருங்குகின்றன, பழுப்புக் கொழுப்பு எரிகிறது, தசை நடுங்குகிறது. மூளைத் தண்டின் அந்த இடத்திலிருந்து செய்தி கொண்டுபோகிறவர்களில் ஒருவர் நம் பழைய செரட்டோனின்தான்.

அதாவது, உடல் காக்க வேண்டிய அளவே 37இலிருந்து 39க்கோ 40க்கோ உயர்த்தி வைக்கப்பட்டுவிட்டது. 38 டிகிரியில் இருக்கும் பிள்ளைக்கு, தன் மூளை கேட்கும் அளவுக்குத் தான் இன்னும் எட்டவில்லை என்பதே உணர்வாகத் தெரிகிறது. ஆகவே குளிருகிறது. நமக்குச் சூடு, அவனுக்குக் குளிர். இரண்டுமே உண்மை. மாத்திரை கொடுத்ததும் அளவு மீண்டும் இறங்குகிறது. அப்போது உடல் மிகையான வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருப்பதால் வியர்க்கிறது. "வியர்த்துவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது" என்று நம் பாட்டிமார் சொன்னதில் தவறில்லை.

6. காய்ச்சல் பகைவனா?

உடல் இவ்வளவு முறையாகச் செய்வதால், காய்ச்சலுக்கு ஒரு பயன் இருக்க வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். மிச்சிகனில் மாத்யூ கிளூகர் என்பவர் பாலைவன இகுவானா என்ற பல்லியினப் பிராணியை எடுத்துக்கொண்டார். பல்லிக்குத் தானே வெப்பம் உண்டாக்கும் திறமை இல்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் நகர்ந்துதான் அது தன் வெப்பத்தைக் காக்கிறது. நோய்க்கிருமி செலுத்தியதும் அந்தப் பல்லி சூடான இடத்தைத் தேடிப் போய் அதிக நேரம் தங்கியது. நகர முடியாதபடி வெவ்வேறு வெப்பநிலையில் வைத்தபோது, வெப்பம் கூடியவற்றில் அதிகமானவை பிழைத்தன. இது 1975இல் வெளியான ஆய்வு. அடுத்த ஆண்டு ஆஸ்பிரின் வகை மருந்து கொடுத்துக் காய்ச்சலை அடக்கியபோது, காய்ச்சல் அடங்கிய பல்லிகள் மடிந்தன.

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்காமல் இருந்துவிடக் கூடாது. முயலும் பூனையும் சொன்ன பாடம் நினைவிருக்கிறதல்லவா? பல்லி வேறு, பிள்ளை வேறு. காய்ச்சலால் சோர்ந்து தண்ணீரும் குடிக்காமல் கிடக்கும் பிள்ளைக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்தால், அது தெளிந்து தண்ணீர் குடிக்கும். அதுவே பெரிய நன்மை. ஆனால் வெப்பமானியின் எண்ணைக் கண்டு மட்டும் நடுங்க வேண்டியதில்லை. காய்ச்சல் ஒரு செய்தி, அதை அனுப்பிய நோயையே தேட வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வெயிலில் மயங்கி விழுந்தவருக்கும் உடல் கொதிக்கும். ஆனால் அது காய்ச்சல் அல்ல. அங்கே மூளை அளவை உயர்த்தவில்லை. வெளியேற்றும் வழிகள் தோற்றுப்போயின. ஆகவே பாராசிட்டமால் அங்கே பயன்படாது. நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, விசிறி, உடலைக் குளிர்விப்பதே மருந்து. உடனே மருத்துவமனைக்கும் கொண்டுவர வேண்டும். மன நோய்க்கான சில மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும் சில மாத்திரைகளும் இந்தத் தூதுவர்களின் வேலையில் குறுக்கிடுவதால், அவற்றை உண்பவர்கள் கோடையில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். செரட்டோனினைக் கூட்டும் இரு மருந்துகள் சேர்ந்துவிட்டால் மனிதருக்கும் நடுக்கமும் கடும் வெப்பமும் வரலாம். "வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

7. கொடுக்கப்பட்ட விலை

இந்தப் பாடத்தில் எத்தனை பிராணிகள் வந்துவிட்டன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் ஒன்றும் தானாக முன்வந்ததில்லை. நாம் வீட்டில் ஒரு மாத்திரையைப் பிய்த்துப் பாதியைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அவற்றை நினைப்பதே இல்லை.

1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர் மூன்று நெறிகளை முன்வைத்தார்கள்: பிராணிக்குப் பதிலாக வேறு வழி இருந்தால் அதைக் கைக்கொள்வது, பிராணிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைத் தணிப்பது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் ஆய்வுகளைக் கண்காணிக்கவும் வழிசெய்தது. பிரிட்டனில் 1986இல் ஒரு கண்டிப்பான சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் கேள்விக்குள்ளானவர்களில் ஒருவர் நாம் மேலே மரியாதையோடு பேசிய ஃபெல்ட்பெர்க் என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1990இல், தம் 89ஆம் வயதிலும் அவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வகத்தில் முயல்களுக்கு மயக்க மருந்து போதிய அளவு கொடுக்கப்படவில்லை என்பது படம்பிடிக்கப்பட்டு வெளியாயிற்று. விசாரணை நடந்தது, அவருடைய ஆய்வுகள் அத்துடன் முடிவுக்கு வந்தன. 1993இல் அவர் காலமானார். அநியாயமாக வேலையிலிருந்து துரத்தப்பட்டவர். மனிதகுலத்துக்குப் பெரிய நன்மை செய்தவர். கடைசியில் தம் கையிலிருந்த உயிரின் வலியைக் காணத் தவறியவர். இம்மூன்றும் ஒரே மனிதர்தான். எதை விட்டுவிட்டுச் சொன்னாலும் அது பாதிக் கதையாகும். நல்ல நோக்கமும் நீண்ட அனுபவமும் மட்டும் போதாது, மேற்பார்வையும் வேண்டும் என்பதை ஆய்வகத்தாரும் மருத்துவமனையாரும் நம்மைப் போன்ற ஊழியரும் ஒருங்கே கற்றுக்கொள்ளலாம்.

8. இன்றைய நிலையும் ஓர் எச்சரிப்பும்

இந்த ஆராய்ச்சி நிற்கவில்லை. 2020இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தார், சுண்டெலியின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு நரம்புக் கூட்டத்தைத் தூண்டியபோது, அதன் உடல் வெப்பம் வெகுவாக இறங்கி, குளிர்கால உறக்கம் போன்ற நிலை ஒரு நாளுக்கும் மேல் நீடித்தது. பின்பு அது கேடின்றி எழுந்து நடந்தது. இயல்பாக அப்படி உறங்காத எலியிலும் இதைக் கண்டார்கள். உயிர்வாயு குறைந்து தவிக்கும் நோயாளியின் மூளையை ஒருநாள் இப்படிப் பாதுகாக்கலாமா என்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது.

ஆனால் இங்கேதான் முயலின் மறுப்பை நினைக்க வேண்டும். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளை 33.5 டிகிரிக்கு 72 மணி நேரம் குளிர்வித்தால் மூளைச் சேதம் குறைகிறது என்பது ஆட்டுக்குட்டிகளிலும், பின்பு செல்வந்த நாடுகளின் குழந்தைகளிலும் காணப்பட்டது. அதே முறையை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2021இல் முடிவு வெளியாயிற்று. மரணமோ ஊனமோ குறையவில்லை. குளிர்விக்கப்பட்டவர்களில் 100க்கு 42 பேரும், குளிர்விக்கப்படாதவர்களில் 100க்கு 31 பேரும் இறந்திருந்தார்கள். ஓரிடத்தில் உயிர் காத்தது மற்றோரிடத்தில் காக்கவில்லை. இங்கே சோதித்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. அப்படியே நகலெடுத்திருந்தால், நன்மை செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே தீங்கு செய்திருப்போம்.

நண்பர்களே, நன்மை செய்ய விரும்புகிற நமக்கு இது பெரிய படிப்பினை. எங்கோ நன்றாக நடந்தது என்று கேட்டதும் அதைக் கொண்டுவந்துவிடத் துடிக்கிறோம். முதலில் நம் கண் முன் இருக்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

சில மாதங்களுக்குப் பின் அதே வார்டில் இன்னொரு தாய் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை நான் நகர்ந்துவிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அம்மா, நம்ம வீட்டுப் பானையில தண்ணி எதுவரை நிரப்பணும்னு கோடு போட்டிருக்கும் இல்லையா? நோய் வந்ததும் மூளை அந்தக் கோட்டை மேலே தூக்கி வச்சிருச்சு. உடம்பு அதுவரைக்கும் நிரப்பப் பார்க்குது. அதான் பிள்ளைக்குப் பத்தலைன்னு தோணுது, குளிருது" என்றேன். அவர் சற்று யோசித்தார். பின்பு இரண்டு போர்வைகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, மெல்லிய ஒன்றை மட்டும் பிள்ளையின் மேல் இழுத்துவிட்டு, தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார்.

குழுவாகச் சிந்திக்கச் சில கேள்விகள்

1. காய்ச்சல் ஏறும்போது பிள்ளை ஏன் நடுங்குகிறது? மாத்திரைக்குப் பின் ஏன் வியர்க்கிறது? உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கு உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குங்கள்.

2. பூனையிலும் முயலிலும் ஒரே பொருள் எதிரெதிராக வேலை செய்தது. ஓரிடத்தில் பலன் தந்ததை யோசியாமல் வேறோரிடத்தில் செய்து ஏமாந்த அனுபவம் உங்கள் சபைக்கோ ஊருக்கோ உண்டா?

3. வெயில் மயக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் உள்ள வேறுபாடு என்ன? உங்கள் தெருவில் ஒருவர் வெயிலில் விழுந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

4. நாம் பயன்படுத்தும் மருந்துகளுக்காகப் பிராணிகள் பட்ட துன்பத்தை அறிந்த பின், நம்மிடமிருந்து எதிர்பார்க்கப்படும் பொறுப்பு என்ன?